வாளா, ஈட்டியா, கதாயுதமா? பழைய கைப்போர் ஆயுதங்களை எடைபோடுவது எப்படி

பழைய ஆயுதங்களில் ஆர்வம் வந்தவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: வாளும் ஈட்டியும் மோதினால் எது ஜெயிக்கும்? கோடரி உசத்தியா, கதாயுதம் உசத்தியா? நியாயமான கேள்விதான். ஆனால் எதிரில் நிற்பவன் உடம்பில் என்ன கவசம், இடது கையில் என்ன இருக்கிறது, காலுக்குக் கீழே நிலம் எப்படி, பக்கத்தில் துணைக்கு ஆள் உண்டா என்பதெல்லாம் தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

ஓர் ஆயுதத்துக்கு எது பலமோ அதுவேதான் பெரும்பாலும் அதன் பலவீனமும். நீளம் எதிரியைத் தள்ளி நிறுத்தும்; அவன் கிட்டே வந்துவிட்டால் அதே நீளம் இடைஞ்சல். ஆயுதத்தின் தலைப்பக்கம் இருக்கும் கனம் அடிக்கு வலு சேர்க்கும். அடி தவறினால் அதே கனம் கையை இழுத்துக்கொண்டு போகும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், பெயர் தெரியாத ஆயுதத்தைக்கூடப் பார்த்ததும் ஓரளவு கணித்துவிடலாம்.

கனம் எங்கே இருக்கிறது?

முதலில் எடை பற்றிய தவறான எண்ணத்தை ஒதுக்கிவிடுவோம். ஐரோப்பிய இடைக்காலத்தின் ஒரு கை வாள் 1 முதல் 1.3 கிலோதான். இரண்டு கையாலும் பிடிக்கும் லாங்ஸ்வார்டு 1.2 முதல் 1.6 கிலோ. ஆள் உயரத்துக்கு நிற்கும் 16ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய இரு கை வாள்கூட, சண்டைக்குச் செய்ததென்றால் 2 கிலோவிலிருந்து 3.5 கிலோவுக்குள் அடங்கிவிடும். 10 கிலோ வாளைச் சுழற்றிச் சண்டையிட்டதாக வரும் கதைகளை நம்ப வேண்டாம். அவ்வளவு கனத்தை ஓங்கி இறக்கி மறுபடி ஓங்குவதற்குள் எதிரி இரண்டு முறை குத்திவிடுவான்.

ஒரு கை கதாயுதமும் 1 முதல் 1.5 கிலோதான். வாளும் அதுவும் ஏறக்குறைய ஒரே எடை என்றால், இரண்டும் ஏன் இவ்வளவு வேறுபட்டு நடந்துகொள்கின்றன? கனம் இருக்கும் இடம்தான் காரணம். சாதாரண சுத்தியல் ஒன்றைக் கைப்பிடியின் நுனியில் பிடித்து இடமும் வலமுமாக வேகமாக அசைத்துப் பாருங்கள். பிறகு அதையே தலைப்பக்கம் பிடித்து அதேபோல அசையுங்கள். எடை மாறவில்லை, ஆனால் முதல் பிடியில் மணிக்கட்டு திணறும், இரண்டாவதில் லேசாகத் திரும்பும். முதல் பிடி கதாயுதம், இரண்டாவது வாள்.

வாளில் கைப்பிடியின் அடியில் இருக்கும் குமிழ், முன்னால் இருக்கும் அலகின் கனத்தைச் சமன் செய்கிறது. அலகும் நுனியை நோக்கிப் போகப் போக மெலிந்துகொண்டே வரும். அதனால் பல வாள்களில் சமநிலைப் புள்ளி, கைப்பிடியும் அலகும் சேரும் இடத்தில் குறுக்காக நிற்கும் கைக்காப்பிலிருந்து 8–12 செ.மீ. தூரத்திலேயே இருக்கும். ஒரு பக்கம் வீசப் போகிறதுபோலக் காட்டி மறுபக்கம் வெட்டுவது, தடுத்த கையோடு திருப்பிக் குத்துவது எல்லாம் இதனால்தான் முடிகிறது. கதாயுதத்தில் கனம் முழுக்கத் தலையில். அடி விழுந்தால் எலும்பு நொறுங்கும். விழாவிட்டால் ஆயுதம் தன் போக்கில் போய் நிற்கும்வரை, வீசியவனின் விலாவும் அக்குளும் திறந்தே கிடக்கும்.

தூரம்: ஈட்டியின் ராஜ்யம்

கவசம் இல்லாத இருவர், ஒருவன் கையில் வாள், மற்றவன் கையில் ஈட்டி. கேடயம் கிடையாது. திறமை சமம். திறந்த வெளியில் இந்தப் போட்டி ஈட்டிக்காரன் பக்கம்தான் சாயும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். முழுதாக நீட்டிய கை சுமார் 65 செ.மீ., வாள் அலகு 80 செ.மீ.; தோளிலிருந்து 1.45 மீட்டர் எட்டும். 2.4 மீட்டர் ஈட்டியை இரண்டு கையாலும் பிடித்து, பின்கையை அடிமுனைக்கு அருகே வைத்து முழுக் குத்து குத்தினால் முனை 2.4 மீட்டருக்கு மேல் போகும். வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மீட்டர். அதாவது வாள்காரன் ஒரு பெரிய எட்டு வைத்து, குத்துபடக்கூடிய இடத்தைக் கடந்து வந்த பிறகுதான் அவனால் முதல் வெட்டையே போட முடியும்.

வாள்காரனுக்கு வழி இல்லாமல் இல்லை. முனையை வாளால் ஒதுக்கிவிட்டு உள்ளே பாய வேண்டும். முடிந்தால் இடது கையால் தண்டைப் பற்ற வேண்டும். சொல்வதற்கு எளிது. நடப்பது என்னவென்றால், அவன் ஒதுக்கப் பார்க்கும்போது முனை அங்கே இருக்காது. ஈட்டிக்காரன் பின்கையைச் சற்று உயர்த்தினாலே போதும், முனை வாளுக்குக் கீழே ஒரு சிறு வட்டம் போட்டு மறுபக்கம் வந்துவிடும். பின்கையின் 5 செ.மீ. அசைவு, முனையில் 20 செ.மீ.க்கு மேல் ஆகிறது. தப்பித் தவறி வாள்காரன் முனையைத் தாண்டிவிட்டாலும், ஈட்டிக்காரன் தண்டை முன்கையின் வழியே பின்னுக்கு உருவினாலே முனை மறுபடி வாள்காரன் நெஞ்சுக்கு நேராக வந்துவிடும். ஒருவன் கால் எடுத்து வைக்க வேண்டும், மற்றவன் கையை இழுத்தால் போதும். காலைவிடக் கை எப்போதும் வேகம்.

வாளால் தண்டை வெட்டி எறிந்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. மேடையில் வைத்துக் கட்டிய கம்பை வெட்டலாம். காற்றில், இளகிய பிடியில் இருக்கும் தண்டு அடிபட்டதும் விலகிப் போகும், வெட்டு இறங்காது. ஆஷ் எனும் ஐரோப்பிய மரம்போன்ற நீளவாக்கு நார் உள்ள மரத்தில் செய்த 2.5–3 செ.மீ. தண்டு, ஓரிரு வெட்டைத் தாங்கிவிடும்.

இவ்வளவு பலம் உள்ள ஆயுதம் மலிவானதும்கூட. ஈட்டி முனைக்கு 200–300 கிராம் இரும்பு போதும், மொத்த எடையே ஒன்றரைக் கிலோவுக்குள். வரலாறு நெடுகப் பெரும்பான்மைப் படைவீரர்கள் ஈட்டியோடுதான் நின்றார்கள். வாள் அவர்கள் இடுப்பில் தொங்கிய இரண்டாவது ஆயுதம்.

இனி நிபந்தனையை மாற்றுவோம். வாள்காரனிடம் ஒரு கேடயம் கொடுத்துவிட்டால் நிலைமை தலைகீழாகலாம். குத்து வரும் பாதையைக் கேடயம் அடைத்துவிடும். அவன் அதைத் தள்ளிக்கொண்டே முன்னேறலாம், வாள் சும்மா இருந்து காத்திருக்கலாம். ரோமானியப் படைவீரனின் கிளாடியஸ் வாளின் அலகு 45–65 செ.மீ.தான். தனியாகப் பார்த்தால் கட்டையான வாள். ஆனால் அது தனியாக வரவில்லை, ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரக் கேடயத்தோடு வந்தது. எதிரியை நெஞ்சோடு நெஞ்சாக நெருக்கிவிட்ட பிறகு நீள வாள் திரும்ப இடமில்லாமல் தவிக்கும், குட்டை வாள் அடிவயிற்றில் இறங்கும். ஆயுதத்தை ஒப்பிடும்போது இன்னொரு கையை மறந்துவிட்டால் கணக்கே தப்பாகிவிடும்.

கேடயத்துக்கும் ஓட்டை உண்டு: கால். 1361இல் பால்டிக் கடலின் காட்லாண்ட் தீவில், விஸ்பி நகர மதிலுக்கு வெளியே டென்மார்க் படையிடம் தோற்ற விவசாயப் படையினரின் புதைகுழிகள் பின்னாளில் தோண்டப்பட்டன. எலும்புகளில் வெட்டுக்காயங்கள் ஏராளமாக இருந்த இடம் முழங்காலுக்குக் கீழே.

நீளம் எப்போது காலை வாரும்?

ஈட்டி நல்லதென்றால் இன்னும் நீளமான ஈட்டி இன்னும் நல்லதா? கூட்டத்துக்கு நல்லது, தனியாளுக்கு ஆபத்து. மாசிடோனியாவின் சரிஸ்ஸா 4 முதல் 6 மீட்டர், சுவிட்சர்லாந்தின் பைக் 5 மீட்டருக்கு மேல். வரிசையாக நின்று நீட்டினால், முன்வரிசை வீரனுக்கு முன்னால் நான்கைந்து வரிசைகளின் முனைகள் நிற்கும். குதிரைகூட அதற்குள் பாயத் தயங்கும். ஆனால் இந்த நீளத்தில் முனை ஆடும், பின்னுக்கு உருவ முடியாது, பக்கவாட்டில் திருப்ப முடியாது. ஒருவன் முனைகளுக்கு இடையே நுழைந்துவிட்டால் பைக்கைக் கீழே போட்டுவிட்டு வாளை உருவுவதைத் தவிர வேறு வழியில்லை.

எனவே பைக்கின் உண்மையான பலம் முனையில் இல்லை, வரிசையில் இருக்கிறது. வரிசை குலைவது பெரும்பாலும் நிலத்தால். கி.மு. 168இல் பிட்னாவில் மாசிடோனிய அணி சமதளத்தில் ரோமானியரைப் பின்னுக்குத் தள்ளியது. மேடுபள்ளத்துக்கு வந்ததும் அணியில் இடைவெளிகள் விழுந்தன. குட்டை வாள்கள் அதற்குள் புகுந்தன. 1513இல் ஃபிளாடனில் அதே கதை வேறு ஆயுதங்களோடு நடந்தது. ஸ்காட்லாந்தின் பைக் அணி சரிவில் இறங்கி அடிவாரச் சேற்றில் சிக்கியது. நடை தடுமாறியதும் அணி உடைந்தது. எதிரே ஆங்கிலேயர் கையில் பில் எனும் கொக்கியும் வெட்டலகும் கொண்ட, பைக்கில் பாதி நீளமே உள்ள ஆயுதம். பைக்கை எறிந்து வாளை உருவியவர்களை அந்தப் பாதி நீளம் தூரத்திலேயே நிறுத்தி வீழ்த்தியது. ஸ்காட்லாந்து மன்னர் நான்காம் ஜேம்ஸும் அங்கேயே இறந்தார். ஒரே நாளில் பில் பைக்கைவிடக் குட்டை, வாளைவிட நீளம் என்ற இரண்டும் அதற்குச் சாதகமாக அமைந்தன.

நடுத்தர நீளத்தின் சிறப்பு இதுதான். ஹால்பெர்டையும் இதே வகையில் சேர்க்கலாம்: 2 மீட்டர் அளவில் ஒரு தண்டு, தலையில் கோடரி அலகு, மேலே குத்து முனை, பின்னால் கொக்கி. குத்தலாம், வெட்டலாம், குதிரைமேல் இருப்பவனைக் கொக்கி போட்டு இழுக்கலாம். 1315இல் மோர்கார்டனில் மலைப்பாதையில் சிக்கிய ஆஸ்திரியக் குதிரைவீரர்களைச் சுவிஸ் படையினர் இதைக்கொண்டு நொறுக்கினார்கள். ஆனால் 1422இல் ஆர்பெடோவில் இதே ஹால்பெர்ட் படை, குதிரையிலிருந்து இறங்கி நீள ஈட்டிகளோடு வந்த மிலான் வீரர்களிடம் திணறியது. அதன் பிறகு சுவிஸ் படையில் பைக்குகளின் பங்கு கூடியது. ஹால்பெர்ட் ஒழியவில்லை, நெருக்குச் சண்டைக்காக அணியின் நடுவில் இடம்பிடித்தது.

வீட்டுக்குள், குறுகிய நடையில் நீள ஆயுதம் உதவாது என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதிதான் சரி. தாழ்ந்த கூரை ஓங்கி வெட்டும் ஆயுதங்களைத்தான் முடக்கும். நேர் நடையில் ஈட்டி இன்னும் பயங்கரமாகும், ஏனென்றால் எதிரி பக்கவாட்டில் விலக முடியாது. திருப்பங்களும் படிக்கட்டுகளும்தான் அதற்கு எதிரி.

கவசம் வந்தால் எல்லாம் மாறும்

வெட்டு என்பது நாம் நினைப்பதைவிட நுணுக்கமானது. அலகின் கூர்மை, வீச்சு செல்லும் திசைக்கு நேராக இருக்க வேண்டும். கொஞ்சம் திரும்பினாலும் வெட்டு அடியாகிவிடும். பல அடுக்குத் துணியைத் தைத்துச் செய்த கவசமே நிறைய வெட்டுகளைத் தடுத்துவிடும். இரும்பு வளையங்களைக் கோத்த வளையக் கவசத்தின் மேல் வாளின் விளிம்பு சறுக்கும். ஆனால் வளையக் கவசம் வளைந்துகொடுக்கும். கனமான அடியின் அதிர்ச்சி உள்ளே போய்க் காறை எலும்பை உடைக்கும். ஒடுங்கிய முனையால் பலமாகக் குத்தினால் வளையமும் பிய்யலாம்.

15ஆம் நூற்றாண்டின் தகட்டுக் கவசம் வேறு விஷயம். முழு உடைக்கும் 15–25 கிலோ, உடல் முழுக்கப் பரவியிருப்பதால் அணிந்தவன் ஓடவும் குதிரை ஏறவும் முடியும். இதன் மேல் வாளால் எவ்வளவு வெட்டினாலும் வாள்தான் மழுங்கும். எனவே வாள்காரன் வாளையே வேறு விதமாகப் பிடித்தான். வலது கை கைப்பிடியில், இடது கை அலகின் நடுவில். அலகைப் பிடித்தால் கை அறுபடாதா? விரல்களால் தளர்வாகப் பிடித்து அலகு உள்ளே வழுக்கினால் அறுபடும். உள்ளங்கையோடு இறுக்கிப் பற்றி நகராமல் வைத்திருந்தால் அறுபடாது, தோல் கையுறையும் துணைக்கு இருந்தது. இப்படிப் பிடித்ததும் நீள வாள் ஒரு குட்டை ஈட்டியாகிவிடும். முனையைக் கண்ணால் பார்த்து அக்குள், முழங்கையின் உள்பக்கம், தொடை இடுக்கு, முகமூடியின் பிளவு என்று தகடு மூடாத இடத்தில் வைத்து உடல் எடையோடு அழுத்தலாம். சிலர் அலகை இரண்டு கையாலும் பிடித்து, கைக்காப்பையும் குமிழையும் சுத்தியலாக்கி அடித்தார்கள்.

வாளின் உருவமும் இதற்கேற்ப மாறியது. அகன்று மெலிந்த பழைய அலகு வெட்டுக்கு அருமை, குத்தினால் வளையும். பின்னால் வந்தது நடுவில் முகடு வைத்த, தடித்த, ஊசியாக ஒடுங்கும் அலகு. விறைப்பாக நின்று குத்தும். அதன் வெட்டு முன்னதைவிடக் குறைவு. இரண்டையும் ஒரே அலகில் முழுதாகப் பெற முடியாது.

தகட்டுக் கவசத்துக்கு நேரடிப் பதில் கதாயுதமும் போர்ச்சுத்தியலும். கதாயுதத்தின் தலையைச் சுற்றி நிற்கும் இதழ்கள் அடியின் விசையை ஒரு சிறு கோட்டில் குவிக்கும். தகடு நசுங்கினால் மூட்டு அசையாது, தலைக்கவசம் அதிர்ந்தால் மூளை கலங்கும். விளிம்பைத் திருப்பிப் பார்க்கும் நுணுக்கம் இதில் தேவையில்லை; எந்தப் பக்கம் விழுந்தாலும் அடி அடிதான். ஆனால் 60–70 செ.மீ. நீளம்தான், குத்த முடியாது, கைக்குப் பெரிய காப்பு கிடையாது. கவசமில்லாத வாள்காரன் முன் கவசமில்லாமல் இதைத் தூக்கிக்கொண்டு நிற்பது தற்கொலைக்குச் சமம். அவன் விரல்களிலேயே ஆரம்பிப்பான். கவசம் அணிந்தவன் குதிரைமேல் இருந்து வீசும்போது இந்தக் குறைகள் ஏறக்குறைய மறைந்துவிடும். போர்ச்சுத்தியலின் பின்முள் இன்னும் ஆழமாகப் போகும், ஆனால் மாட்டிக்கொள்ளும்; உருவுவதற்குள் வேறொருவன் வந்துவிடலாம்.

என் மதிப்பில் கவசக்காரர்கள் காலால் நின்று மோதும் சண்டைக்கு மிகச் சிறந்த விடை போல்ஆக்ஸ். ஒன்றரை முதல் 2 மீட்டர் தண்டு, 2–3 கிலோ. தலையில் ஒருபக்கம் சுத்தியல், மறுபக்கம் கோடரி அலகு அல்லது முள், உச்சியில் குத்து முனை, அடிமுனையிலும் ஒரு கூர். தலையிலிருந்து தண்டின் பக்கங்களில் கீழே ஓடும் இரும்புப் பட்டைகள் அழகுக்காக இல்லை. தலை அடிக்கும்போது மரம் முறியும் இடம் தலைக்குச் சற்றுக் கீழேதான். பட்டைகள் அந்த முறிவைத் தடுக்கும், எதிரியின் வெட்டையும் வாங்கிக்கொள்ளும். இதன் குறை, இரண்டு கையும் இதற்கே போய்விடும், இடுப்பில் மாட்டிக்கொண்டு நடக்கவும் முடியாது.

தலைக்கவசம் போனால் என்னாகும் என்பதற்கு 2012இல் இங்கிலாந்தின் லெஸ்டரில் கிடைத்த, அந்நாட்டு மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புக்கூடு சாட்சி. 1485இல் பாஸ்வர்த் போரில் இறந்த அவருடைய மண்டையின் அடிப்பகுதியில், ஹால்பெர்ட் அல்லது பில் போன்ற பெரிய அலகு வெட்டிய காயம் இருந்தது.

கவசமும் ஆயுதத்துக்கேற்ப மாறியிருக்கிறது. கி.பி. 101–106 காலத்தில், இன்றைய ருமேனியாப் பகுதியின் டேசியரோடு ரோமானியர் நடத்திய போர்களில், டேசியரின் உள்வளைந்த ஃபால்க்ஸ் வாள் கேடயத்துக்கு மேலாக இறங்கியது. ரோமானியர் தலைக்கவசத்தின் உச்சியில் குறுக்குப் பட்டைகள் அடித்தார்கள், வலது கைக்கு அடுக்குத் தகட்டுக் காப்பு போட்டுக்கொண்டார்கள்.

மற்ற சில ஆயுதங்கள்

போர்க்கோடரியை விறகுக் கோடரியோடு குழப்ப வேண்டாம். விறகு பிளக்க ஆப்புபோலத் தடித்த தலை வேண்டும். போர்க்கோடரியின் அலகு மெல்லியது, லேசானது. அலகின் கீழ்நோக்கி நீண்ட, தாடி எனப்படும் பகுதியால் கேடய விளிம்பைக் கொக்கி போட்டு இழுக்கலாம். 1066இல் ஹேஸ்டிங்ஸில் ஆங்கிலேயர் வீசிய இரு கைக் கோடரி கேடயத்தையும் பிளக்கும், ஆனால் ஓங்கியவன் தன் கேடயத்தை முதுகில் போட்டுவிட வேண்டும். தூரக் கணிப்பு தவறினால் எதிரிமேல் விழுவது வெறும் மரக்காம்புதான்.

வளைந்த வாள்கள் இழுத்து வெட்டுவதற்கு. குதிரை ஓட்டத்தில் சிக்கிக்கொள்ளாமல் வழுக்கி வெளியேறும். குத்துக்கு வளைவு இடைஞ்சல். இந்தியாவின் வளைந்த வாளான தல்வாரின் தட்டு வடிவக் குமிழ் மணிக்கட்டை மடங்கவிடாமல் பிடிக்கும். முழங்கையிலிருந்து வரும் வெட்டு அதில் பிரமாதம், கையை நீட்டிக் குத்துவது சங்கடம். கட்டாரி இதற்கு நேர் எதிர். குறுக்குப் பிடியை முஷ்டியால் பற்றுவதால் கை எலும்பின் நேர்கோட்டில் முழு விசையும் முனைக்குப் போகும். ஆனால் அதில் வெட்டுவதும் குறைவு, எட்டும் தூரமும் குறைவு.

ரேப்பியரை இலேசான ஊசிவாள் என்று எண்ணுவார்கள். அதுவும் 1–1.3 கிலோதான், அலகே ஒரு மீட்டருக்கு மேல். முனையைத் தாண்டி ஒருவன் உள்ளே வந்துவிட்டால் தடுமாறும் என்பதால்தான் இடது கையில் குறுவாள் வந்தது. ஜப்பானின் கட்டானா ஏறக்குறைய 70 செ.மீ. அலகு, ஒரு கிலோவுக்குச் சற்று மேல். மிக நல்ல வெட்டு வாள். ஆனால் இரு கைப் பிடிக்கு எட்டும் தூரம் குறைவு, கைக்காப்பு சிறியது. ஜப்பானியப் போர்க்களத்தின் முதன்மை ஆயுதங்கள் வில்லும் ஈட்டியும். 1543க்குப் பிறகு துப்பாக்கியும் சேர்ந்தது.

சாட்டைபோல வளையும் மெல்லிய தகடான சுருள்வாளைக் கண்டு பலரும் கிட்டே வரத் தயங்குவார்கள், அதுதான் அதன் பலம். தடுக்கவோ குத்தவோ அதனால் முடியாது, தோளோடு தோள் நிற்கும் அணியில் பக்கத்தவனுக்கே ஆபத்து.

அருங்காட்சியகத்தில் பார்க்கும்போது

படத்தைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். முன்பக்கப் படத்தில் அலகின் தடிமன் தெரியாது. கண்ணாடிப் பெட்டியின் ஓரமாக நின்று பக்கவாட்டில் பாருங்கள். வாள் அலகு அடியில் 5–6 மி.மீ. தடிமனில் தொடங்கி நுனிக்கு அருகே 2–3 மி.மீ. ஆக மெலிந்திருந்தால் அது கையில் உயிரோடு திரும்பும். முழுக்க ஒரே தடிமனாக இருந்தால் அலங்காரத்துக்குச் செய்த நகலாக இருக்க வாய்ப்பு அதிகம். தண்டு ஆயுதங்களில் தலையை மட்டும் நம்புங்கள். மரத்தண்டு பல இடங்களில் பின்னாளில் மாற்றியதாக இருக்கும், அதன் நீளத்தை வைத்துத் தூரக் கணக்குப் போட வேண்டாம். எடை எழுதியிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். இரு கை வாள் 4 கிலோவைத் தாண்டினால், ஊர்வலத்தில் தோளில் சாய்த்துத் தூக்கிப் போகச் செய்ததா என்று முதலில் பாருங்கள். அப்படிப்பட்டவற்றில் அலகு தடித்திருக்கும், விளிம்பு தீட்டப்பட்டிருக்காது.